பழைய சைக்கிளுக்கு மோட்டர் பூட்டுவது எப்படி? திருகோணமலையில் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு

2022 யூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனபோது, திருகோணமலையில் வீட்டுக் கோடிகளில் கிடந்த எத்தனையோ சைக்கிள்கள் மறுபடி தெருவுக்கு வந்தன. பெற்றோல் வரிசை குறைந்ததும் அவற்றில் பல திரும்பவும் சுவரோடு சாய்ந்துவிட்டன. அதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற ஊர் இது. விடிய எட்டு மணிக்கே சட்டை நனைந்து கந்தோருக்குள் நுழைய யாருக்கும் மனம் வராது. உப்புவெளியில் இருந்து நகரத்துக்கு வரும் தூரம் பெரிதல்ல, வெயிலையும் எதிர்க்காற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கால் பின்வாங்குகிறது.

இதற்கு ஒரு சின்ன மோட்டர் போதும். வேகமாக ஓடும் வண்டி நமக்குத் தேவையில்லை. 36 வோல்ட், 250 வாட் மோட்டர், நம்பகமான பற்றரி, நல்ல பிறேக் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், ஏற்கெனவே இருக்கும் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போய் வரலாம். கையில் இருக்கும் காசை மோட்டரின் வாட்டில் போடாமல் பற்றரியிலும் பிறேக்கிலும் போடுங்கள் என்பதுதான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

முதலில் சைக்கிளைப் பாருங்கள்

கிட், அதாவது மோட்டர் பூட்டிய சில்லும் அதற்கான சாமான்களும் சேர்ந்த தொகுதி, வாங்கும் முன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து அரை மணித்தியாலம் பாருங்கள். கடற்கரை ஊர் என்பதால் முதல் எதிரி துரு. முன்சில்லைப் பிடிக்கும் கவையான முன் போர்க்கின் கழுத்து, பெடல் அச்சு இருக்கும் இடம், பின்சில்லு பிடிக்கும் இரண்டு கால்கள் ஆகிய இடங்களில் பெயின்ட் பொங்கியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். மேலோடு நின்ற துரு என்றால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். இரும்பு மெலிந்து பொருபொருத்திருந்தால் அந்தச் சைக்கிளுக்கு மோட்டர் பூட்ட வேண்டாம். முன்சில்லில் மோட்டர் இழுக்கும்போது முழுப் பாரமும் முன் போர்க்கில்தான் விழுகிறது. போர்க் உடைந்தால் ஓடுகிறவர் முகம் குப்புற விழுவார்.

முன் மோட்டருக்கு வளையாத இரும்புப் போர்க்தான் நல்லது. ஸ்பிரிங் வைத்த போர்க் உள்ள மவுன்டன் சைக்கிள் பார்க்க அழகு. ஆனால் அதில் அச்சு உட்காரும் இடம் வார்ப்பு உலோகம், முறுக்கு விசை பட்டால் வெடிக்கும். அப்படிப்பட்ட சைக்கிள் என்றால் பின்சில்லு மோட்டருக்குப் போங்கள்.

சில்லு அளவில்தான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள். 26, 28 அங்குலம் என்று சொல்லி கிட் வாங்கினால் போதாது. ரயரின் பக்கத்தில் இன்னொரு மூன்று இலக்க எண் இருக்கும், ரயர் உட்காரும் இடத்தில் றிம்மின் விட்டம் மில்லிமீற்றரில், அதைப் படியுங்கள். மவுன்டன் சைக்கிளின் 26 என்பது 559. பழைய 26 x 1 3/8 சைக்கிளில் அது 590. இரண்டையும் எல்லோரும் 26 என்றுதான் சொல்வார்கள், ஆனால் ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. 28 இலும் இதே கதைதான். நம் அப்பாமார் ஓடிய பெரிய சைக்கிளின் 28 x 1 1/2 ரயரில் 635 என்று இருக்கும், கிட் விற்பவர்கள் 28 என்று தருவது பெரும்பாலும் 622. பழைய றிம்மைக் கழற்றி மோட்டரில் கம்பி பின்னிவிடலாம் என்று யாராவது சொன்னால் துளைகளை எண்ணச் சொல்லுங்கள். பழைய பெரிய சைக்கிள்களில் பெரும்பாலும் முன் றிம்முக்கு 32 துளை, பின் றிம்முக்கு 40. சில்லின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டர்களில் பொதுவாக 36. பொருந்தாது. றிம்மோடு பின்னி வரும் சில்லையும் அதற்கேற்ற ரயர், ரியூப்பையும் சேர்த்தே வாங்குவதுதான் நேரான வழி.

பெரிய சைக்கிளில் பூட்ட நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கம்பியால் இயங்கும் அந்தப் பழைய பிறேக்கில் கட்டை றிம்மின் உட்புறத்தில், அச்சுப் பக்கமிருந்து மேல்நோக்கி அழுத்தும். கிட்டோடு வரும் அலுமினிய றிம்மில் அப்படி அழுத்த இடமே இல்லை. ஆகவே முன்பக்கத்துக்குக் கேபிளால் இழுக்கும் பிறேக் போட வேண்டும். இதை ஒரு செலவாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். மழையில் நனைந்த இரும்பு றிம் எவ்வளவு மோசமாகப் பிடிக்கும் என்பது அந்தச் சைக்கிளை ஓடியவர்களுக்குத் தெரியும். அலுமினிய றிம் நனைந்தாலும் அதைவிட நன்றாகப் பிடிக்கும். மோட்டர் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய மாற்றம் இது.

மோட்டர்: 250 வாட் ஏன் போதும்

காற்றில்லாத நாளில், சமதரையில், நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓட ஏறத்தாழ 100 வாட் சக்தி வேண்டும். அதே வேகத்தில் போகும்போது கச்சான் மணிக்கு 20 கிலோமீற்றரில் முகத்தில் அடித்தால் தேவை 300 வாட் பக்கம் போய்விடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால்தான் இவ்வளவு வித்தியாசம். நீங்கள் 80, 100 வாட் உழக்க, மோட்டர் மிச்சத்தைத் தந்தால் கணக்குச் சரியாகிவிடும். நகரத்தில் இருந்து சீனக்குடாப் பக்கம் போகிறவர்களுக்குக் கோடையில் பின்னேரக் காற்று நேரே எதிரே வரும், அவர்களுக்குத்தான் மோட்டரின் அருமை நன்றாகத் தெரியும்.

உவர்மலை ஏற்றமோ, கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியோ வரும்போது மோட்டரை மட்டும் நம்பி உட்கார்ந்திராமல் சேர்ந்து உழக்குங்கள். ஹப் மோட்டர் மெதுவாகச் சுழன்று பாரம் இழுக்கும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகவே போகிறது. ஏறி முடித்து மோட்டரைத் தொட்டால் கை வைக்க முடியாமல் இருந்தால், கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்புங்கள்.

ஹப் மோட்டரில் இரண்டு வகை உண்டு. உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் வைத்தது பாரம் குறைவு, மோட்டரை நிறுத்திவிட்டால் சில்லு இழுபடாமல் சுழலும். பற்சக்கரம் இல்லாதது பாரம் கூட, பற்றரி தீர்ந்த பிறகு உழக்கும்போது பின்னுக்கு இழுக்கும். வேலைக்குப் போய் வர முதல் வகையே நல்லது.

500 வாட், 1000 வாட் என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சைக்கிளாகக் கணிக்கப்படும் மின் வண்டிக்கு எல்லை 250 வாட், மணிக்கு 25 கிலோமீற்றர். ஒரு சாதாரணச் சைக்கிளின் பிறேமுக்கும் பிறேக்குக்கும் ஏற்ற வேகமும் ஏறத்தாழ அதுதான். இங்கே பதிவு, அனுமதிப்பத்திரம் பற்றிய விபரத்தைக் காசு கட்டும் முன்பே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பற்றரி

மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான், கவனமும் இதில்தான் வேண்டும்.

அளவை இப்படிக் கணக்குப் பார்க்கலாம். வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 36 வோல்ட், 10 அம்பியர்-மணி பற்றரி என்றால் 360. சேர்ந்து உழக்கினால் ஒரு கிலோமீற்றருக்கு 8 முதல் 12 வாட்-மணி செலவாகும். கச்சான் நாளுக்கு 12 என்றே வையுங்கள். பற்றரியை அடியோடு காலியாக்காமல் ஐந்தில் நான்கு பங்கு பாவித்தால் 360 இல் 288 கிடைக்கும், அதில் 24 கிலோமீற்றர் ஓடலாம். உப்புவெளியில் இருந்தோ உவர்மலையில் இருந்தோ நகரத்துக்குப் போய் வர இது தாராளம். நிலாவெளியில் இருந்து நகரம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர், போய் வர 28. அங்கிருந்து வருகிறவர்கள் 13 அம்பியர்-மணி எடுங்கள், அல்லது வேலைத்தலத்தில் சார்ஜ் போட அனுமதி வாங்குங்கள். கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

எந்த வகைப் பற்றரி? ஈய அமிலப் பற்றரி மலிவுதான். ஆனால் 12 வோல்ட் பற்றரி மூன்றைக் கோத்தால் ஒரு அரிசி மூட்டையைக் கரியரில் கட்டியது மாதிரி இருக்கும், ஆயுளும் குறைவு. லித்தியத்தில் இரண்டு வகையைப் பார்ப்பீர்கள். சாதாரண லித்தியம் அயன் பாரம் குறைவு. லித்தியம் இரும்பு பொஸ்பேற் கொஞ்சம் பாரம், ஆனால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, சார்ஜ் சுழற்சிகளும் பல மடங்கு கூட வரும். சித்திரை வெயிலில் வெளியே நிறுத்தப்படும் சைக்கிளுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் சார்ஜர் வேறு. 36 வோல்ட் லித்தியம் அயன் பற்றரி முழுதாக நிரம்பும்போது 42 வோல்ட்டில் நிற்கும். 12 செல் கொண்ட இரும்பு பொஸ்பேற் பற்றரி 43.8 வோல்ட். சார்ஜரின் பின்புறம் இந்த எண் அச்சிட்டிருக்கும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் சார்ஜரை மற்றதில் செருகக் கூடாது. 43.8 சார்ஜரை 42 வோல்ட் பற்றரியில் போடுவது தீ வைப்பதற்குச் சமம்.

பழைய மடிக்கணினி செல்களைக் கோத்துச் செய்த மலிவுப் பற்றரிகளை வாங்காதீர்கள். ஒவ்வொரு செல்லும் வெவ்வேறு வயது, எது முதலில் கெடும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே பாதுகாப்பு அட்டை, அதாவது பி.எம்.எஸ்., இருக்கிறதா என்று கேளுங்கள். அதிக சார்ஜ், அதிக இறக்கம், ஷோர்ட் ஆகியவற்றில் பற்றரியைத் துண்டிப்பது அதுதான். லித்தியம் பற்றரி விமானச் சரக்கில் கட்டுப்பாடுள்ள பொருள். ஆகவே கிட்டை இணையத்தில் வரவழைத்தாலும் பற்றரியை உள்நாட்டில், உத்தரவாதம் தரும் கடையில் வாங்குவது புத்தி. பழுதானால் தூக்கிக்கொண்டு போய்க் கேட்க ஒரு படலை வேண்டும்.

பூட்டும் வேலை

கிட்டில் மோட்டர் சில்லு, மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் பெட்டி, திரை, அக்சிலேட்டர், நீங்கள் உழக்குவதை உணர்ந்து மோட்டரை ஓடவைக்கும் பெடல் சென்சர், மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் வைத்த இரண்டு பிறேக் கைப்பிடிகள் வரும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எந்தப் பிளக் எதற்குள் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சைக்கிள் திருத்துகிற ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டால் அரை நாள் வேலை.

முன்சில்லைக் கழற்றி, போர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையில் உட்பக்க அகலத்தை அளந்து பாருங்கள். மோட்டருக்கு 100 மில்லிமீற்றர் வேண்டும். பழைய சைக்கிளில் குறைவாக இருக்கும். இரும்புப் போர்க் என்றால் திருத்துகிறவர் இரண்டு பக்கமும் சமமாக விரித்துத் தருவார், ஒரு காலை மட்டும் இழுத்தால் சில்லு கோணலாக நிற்கும். மோட்டர் அச்சின் தட்டைப் பகுதி பொதுவாக 10 மில்லிமீற்றர். போர்க்கின் பள்ளம் ஒடுக்கம் என்றால் அரத்தால் பக்கங்களை மட்டும் கொஞ்சம் ராவலாம், ஆழத்தைக் கூட்ட வேண்டாம்.

அடுத்தது இந்த வேலையிலேயே முக்கியமான துண்டு: அச்சைத் திருகவிடாமல் பிடிக்கும் தடித்த இரும்புத் தகடு. கடையில் டோர்க் ஆம் என்று கேளுங்கள். மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளும்போது அச்சு அதே பலத்தோடு பின்னுக்குத் திருகப் பார்க்கும். நட் மட்டும் பிடித்திருந்தால் ஒருநாள் இளகி, அச்சு பள்ளத்துக்குள் சுழன்று, வயரை முறுக்கி அறுத்து, சில்லு கழன்றுவிடும். கிட்டில் இந்தத் தகடு வராவிட்டால் தனியாக வாங்கிப் பூட்டுங்கள். இது இல்லாமல் தெருவுக்கு இறங்க வேண்டாம்.

சில்லை ஏற்றும்போது மோட்டர் வயர் வெளிவரும் பக்கத்தைக் கிட்டோடு வரும் தாளில் பார்த்துச் செய்யுங்கள். மாறிப் பூட்டினால் சில்லு பின்பக்கமாகச் சுழலும். வயர் அச்சிலிருந்து கீழ்நோக்கி வளைந்து பிறகு மேலே ஏறட்டும். அப்போது மாரி மழை வயரின் வழியே மோட்டருக்குள் இறங்காமல் வளைவின் அடியில் சொட்டிவிடும். நட்டை நீளமான ஸ்பானரால் நன்றாக இறுக்குங்கள்.

பற்றரியைச் சைக்கிள் பிறேமின் நடுவில், தண்ணீர்ப் போத்தல் பூட்டும் இடத்தில் வைப்பது நல்லது. பாரம் நடுவில் இருந்தால் வண்டி ஆடாது. பெண்கள் சைக்கிளில் அந்த இடம் இருக்காது, அப்போது கரியரில் பெட்டியாகப் பூட்டலாம். கொன்ட்ரோலரை சீற்றுக்குக் கீழே, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். பொலித்தீனால் இறுகச் சுற்றாதீர்கள், அதற்கும் சூடு வெளியே போக வேண்டும்.

பெடல் சென்சரின் காந்த வளையம் பெடல் அச்சில் ஏறும், சென்சர் அதற்கு எதிரே சில மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். இது பூட்டிக் கொஞ்சம் பழகிவிட்டால் அக்சிலேட்டரைத் தொடவே தோன்றாது. பிறேக் சுவிட்ச் வயரைச் சிலர் வேலை மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பிறேக் பிடிக்கும்போது மோட்டர் தள்ளிக்கொண்டிருந்தால் நிற்கும் தூரம் கூடும்.

பற்றரியைக் கடைசியாகச் செருகுங்கள். செருகும்போது ஒரு சின்னப் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், கொன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்தேக்கி நிரம்புவதுதான் அது. முன்சில்லை நிலத்தில் இருந்து தூக்கிப் பிடித்து, அக்சிலேட்டரை மெல்லத் திருகிப் பாருங்கள். சில்லு முன்பக்கம் சுழல வேண்டும், பிறேக்கைத் தொட்டதும் மோட்டர் நிற்க வேண்டும். இரண்டும் சரி என்றால் ஆள் குறைந்த வீதியில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். முதல் கிழமை முழுவதும் தினமும் முன் அச்சைப் பாருங்கள்.

சார்ஜ் போடும் இடம்

2 அம்பியர் சார்ஜரில் 10 அம்பியர்-மணி பற்றரி நிரம்ப ஐந்து, ஆறு மணித்தியாலம் எடுக்கும். முழுதாக நிரம்பினாலும் மின்கட்டணத்தில் அரை யுனிட்டைத் தாண்டாது. சார்ஜரில் உள்ளீடு 230 வோல்ட்டை ஏற்கிறதா என்று பாருங்கள். சில கிட்களில் தட்டை ஊசிப் பிளக் வரும், அதைத் தீக்குச்சி வைத்து நெரித்துச் செருகாமல் நல்ல 13 அம்பியர் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

சீமெந்துத் தரையில், நிழலில் வைத்துச் சார்ஜ் போடுங்கள். கிடுகு வேலி ஓரம், கிடுகுக் கொட்டில், மண்ணெண்ணெய்க் கான் இருக்கும் மூலை ஆகியவை கூடவே கூடாது. வீட்டு வாசலை அடைத்தும் வைக்காதீர்கள், ஏதாவது ஆனால் வெளியே ஓடும் வழி அது. இரவில் எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் விடுவதை நான் ஏற்கவே மாட்டேன். பின்னேரம் வந்ததும் போட்டுப் படுக்கும் முன் கழற்றிவிடலாம். வெயிலில் ஓடி வந்த பற்றரியை உடனே செருகாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். கீழே விழுந்த, வீங்கிய, மணக்கிற பற்றரியைச் சார்ஜ் போடவே வேண்டாம், வீட்டுக்கு வெளியே தனியாக வைத்துவிட்டு வாங்கிய கடையை அழையுங்கள்.

தெருவில்

மோட்டர் பூட்டிய சைக்கிள் சத்தமில்லாமல் வரும். நகரத்துக்குள் புள்ளிமான்கள் நடுவீதியில் நிற்கும் ஊர் இது, நிலாவெளி வீதியில் இருட்டிய பிறகு மாடுகள் படுத்திருக்கும். நல்ல மணியும் பற்றரியில் எரியும் முன் விளக்கும் கட்டாயம். தலைக்கவசம் போடுங்கள்.

கடற்கரை ஓர வீதிகளில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் அக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். முன்சில்லு மோட்டர் மணலில் வழுக்கிச் சுற்றினால் ஹாண்டில் கையை விட்டுப் போகும். வளைவிலும் அப்படித்தான், திரும்பி முடித்த பிறகு திருகுங்கள்.

பராமரிப்பு

உப்புக்காற்றுதான் பெரிய தொல்லை. மாதம் ஒருமுறை பிளக்குகளைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் தடவிச் செருகுங்கள். கழுவும்போது ஈரத்துணியால் துடைத்தால் போதும். சேர்விஸ் நிலையத்தில் பீச்சி அடிக்கும் தண்ணீரை மோட்டரிலும் கொன்ட்ரோலரிலும் காட்ட வேண்டாம். மழையில் ஓடலாம், ஆனால் சில்லு அச்சு மூழ்கும் வெள்ளத்தில் இறக்காதீர்கள். மோட்டருக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே துருப்பிடித்த பிறகுதான் வெளியே தெரியும். சில்லுக் கம்பிகள் முதல் மாதத்தில் கொஞ்சம் இளகும், அப்போது ஒருமுறை நெளிவு எடுத்துக்கொண்டால் பிறகு பிரச்சினை குறைவு.

ஊருக்குப் போவதாக இருந்தால் பற்றரியை நிரப்பியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதி சார்ஜில், சைக்கிளில் இருந்து கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மாதக்கணக்கில் வராவிட்டால் வீட்டில் இருப்பவர்களிடம் இடையில் ஒருமுறை பாதிவரை ஏற்றச் சொல்லுங்கள். ஆயுள் முடிந்த பற்றரியைக் குப்பையோடு எரிக்கவோ கடலில் எறியவோ வேண்டாம், புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுப்பார்களா என்று வாங்கும் அன்றே கேட்டு வையுங்கள்.